செப்பனிடப்படும் கை: தற்கிழமையா, பிறிதின்கிழமையா?

ஒன்றை ஒருவருக்கு உரியதாகக் கூறும் உறவைத் தமிழ் இலக்கணம் கிழமை என்று பெயரிட்டு, ஆறாம் வேற்றுமையின் பொருளாக வைத்து, அதனை இரண்டாகப் பகுக்கிறது. உடையவரிடமிருந்து பிரிக்க இயலாதபடி அவரோடு ஒன்றிக் கிடப்பது தற்கிழமை. அவருக்கு வேறாக நின்று, வாங்கவும் விற்கவும் தொலைக்கவும் கூடியது பிறிதின்கிழமை. நன்னூல் தற்கிழமையின் வகைகளுள் ஒன்றாக உறுப்பை வைக்கிறது. 'சாத்தனது கை' என்பது அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று. 'முருகனது வேல்' பிறிதின்கிழமைக்குச் சான்று. கை இன்றிச் சாத்தனை நினைக்க இயலாது, வேலைக் கீழே வைத்தாலும் முருகன் முருகனே என்பது இப்பகுப்பின் உட்கிடை.

இவ்விரண்டுக்கும் நடுவே, எப்பக்கமும் முழுமையாகச் சேராமல் நிற்கும் பொருள் ஒன்று உண்டு. அது கையிழந்தவர் அணியும் செயற்கைக் கை. காலையில் பூட்டிக்கொள்ளப்பட்டு இரவில் கழற்றி மேசைமேல் வைக்கப்படுவதால் அது வேலைப் போன்றது. ஆயினும் அதனால் கதவைத் திறந்தும் பாரம் தூக்கியும் குழந்தையை அணைத்தும் வாழ்கின்றவர் 'என் கை' என்னும்போது, 'என் குடை' என்னும் பொருளில் அதைச் சொல்வதில்லை. செயற்கை உறுப்பு உடலா உடைமையா என்ற இவ்வினாவைச் சமய நூல்களும் மெய்யியல் நூல்களும் தொட்டிருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் அவ்வுறுப்பு பொருத்தப்படும் வேளையையோ அணிந்திருக்கும் வேளையையோ வைத்தே விடை தேடின. அது பழுதுபட்டுக் கிடக்கும் வேளையை வைத்துத் தேடினால் விடை வேறு வகையில் அமைகிறது. பிறவிக் கை வெட்டுப்பட்டால் புண் தானே மூடுகிறது. எலும்பு முறிந்தால் அதை நேராக வைத்துக் கட்டுவதோடு மருத்துவரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிட, கூடும் வேலையை எலும்பே செய்துகொள்கிறது. செயற்கைக் கை தானே ஆறுவதில்லை. அதை ஆற்றுவதற்கு வேறு கைகள் வேண்டும். இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை அறியப் பழுதின் தன்மையைச் சற்று விரிவாகவே காண வேண்டியுள்ளது.

செயற்கைக் கைகள் உடலின் விசையால் இயங்குபவை, மின்விசையால் இயங்குபவை என இருபெரும் வகைப்படும். முதல் வகையில், இரு தோள்களையும் சுற்றி முதுகில் 8 என்ற எண்ணின் வடிவில் குறுக்காகச் செல்லும் வார்ப்பட்டை ஒன்று இருக்கும். அதிலிருந்து புறப்படும் எஃகுக் கேபிள், சைக்கிளின் பிரேக் கம்பியைப் போல ஓர் உறைக்குள் ஓடி, நுனியிலுள்ள கொக்கியைச் சென்றடையும். அணிந்தவர் தோளை முன்னே தள்ளினால் கேபிள் இழுபட்டுக் கொக்கியின் இரு விரல்கள் விரியும். தோளைத் தளர்த்தினால் கொக்கியின் அடியில் மாட்டிய ரப்பர் வளையங்கள் அவற்றை மூடும். அமெரிக்கரான டேவிட் டாரன்ஸ் 1912இல் காப்புரிமை பெற்ற பிளவுக் கொக்கி இவ்வகையின் மூதாதை. நூறாண்டு கடந்தும் அதன் அடிப்படை மாறவில்லை. ஒரு வளையத்தைக் கூடுதலாக மாட்டினால் பிடியின் வலிமை ஏறத்தாழ அரைக் கிலோ அளவு கூடும். ரப்பர் வெயிலிலும் எண்ணெயிலும் கெட்டு வெடிக்கும். கேபிள் வளையும் இடத்தில் இழை இழையாகப் பிரியும். வார்ப்பட்டை வியர்வை குடித்து நாறும், அக்குளில் உராய்ந்து தோலைச் சிவக்க வைக்கும். ஒரு கை மட்டும் இழந்தவராயின் இவற்றுள் பலவற்றை அவரே மற்றக் கையால் சரிசெய்துகொள்வார். கேபிள் அறுந்தபோது சைக்கிள் கடைக்காரர்கூட ஒருநாள் பாட்டுக்கு ஏதேனும் செய்து கொடுக்க முடியும் என்பது இவ்வகைக் கையின் பெருமை. அதற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கொக்கி எதைப் பற்றியிருக்கிறது, எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது கேபிளின் இழுவிசை வழியாகத் தோளுக்குத் திரும்பி வருவதால், பழகியவர் கண்ணால் பாராமலே அதை உணர்கிறார்.

மின்விசைக் கை வேறு உலகைச் சேர்ந்தது. எஞ்சிய கைப்பகுதியின் தசை சுருங்கும்போது தோலின் மேற்பரப்பில் எழும் மிக நுண்ணிய மின்னழுத்தத்தை, தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் மின்முனைகள் கண்டறிந்து பெருக்கி, உள்ளேயிருக்கும் மோட்டாருக்கு ஆணையாக்குகின்றன. 1960ஆம் ஆண்டையொட்டிச் சோவியத் ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த இம்முறை, 2007இல் ஸ்காட்லாந்திலிருந்து வெளிவந்த ஐ-லிம்ப் கையில் விரலுக்கொரு மோட்டார் என்ற அளவுக்கு வளர்ந்தது. பழுது புகும் வாயில்களும் அதற்கேற்பப் பெருகின. வியர்வை மிகுந்தாலோ மின்முனை தோலைவிட்டு விலகினாலோ கை ஆணையின்றித் திறக்கும், அல்லது ஆணையிட்டும் அசையாது. லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு ஆண்டுதோறும் குறையும். விரலுக்குள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்கள் தேயும். நீர் புகுந்தால் சுற்றமைப்பு கெடும். மேலே போர்த்தும் பிவிசி கையுறை செய்தித்தாள் மையையும் மஞ்சளையும் உறிஞ்சிக் கறைபட்டு, சில மாதங்களிலேயே மாற்றத் தக்கதாகும். சிலிகோன் உறை கறையைத் தாங்கினாலும் எளிதில் கிழியும். இத்தகைய கையைச் சைக்கிள் கடையில் திறக்க முடியாது. அது பெட்டியில் வைத்து உரிய பணிமனைக்கு, சில வேளைகளில் கடல் கடந்தும், அனுப்பப்படுகிறது. அது திரும்பி வரும் வரையில் அனுப்பியவர் இரண்டாம் முறையாகக் கையிழந்தவராகிறார்.

இருவகைக்கும் பொதுவானது சாக்கெட் எனப்படும் கூடு. எஞ்சிய கைப்பகுதி நுழைந்து அமரும் இடம் அதுவே. கூட்டின் பழுது பெரும்பாலும் கூடு உடைவதால் நேர்வதன்று, அதனுள் நுழையும் உடல் மாறுவதால் நேர்வது. எடை கூடினும் குறையினும், தசை வற்றினும், சிறுவர் வளரினும், சென்ற ஆண்டு பொருந்திய கூடு இந்த ஆண்டு அழுத்திப் புண்ணாக்கும். செப்பனிட வேண்டியது உயிரற்ற பொருள். அதற்குக் காரணமோ உயிருள்ள பகுதியின் உயிர்ப்பு. பிறவிக் கைக்கு இத்தகைய சிக்கல் இல்லை, ஏனெனில் அது உடலோடு சேர்ந்தே பருக்கிறது, சேர்ந்தே மெலிகிறது. தற்கிழமை என்பதன் பொருளை இலக்கண நூலைவிடத் தெளிவாக இந்தக் கூடு உணர்த்துகிறது எனலாம்.

பழங்கதைகளில் வரும் மாற்றுக் கைகளுக்கு இந்தத் துன்பங்கள் எவையும் இல்லை. வேள்வியின் ஒரு பங்கை ஏற்றதால் கைகளை இழந்த சவிதா என்னும் கதிரவனுக்குத் தேவர்கள் பொற்கைகளை வைத்தனர் என்று கௌஷீதகி பிராமணம் கூறுகிறது. தமையனின் தோட்டத்துக் கனியைக் கேளாமல் உண்ட குற்றத்துக்காக அரசனிடம் தானே சென்று கைகளை இழந்த லிகிதருக்கு, ஆற்றில் நீராடியவுடன் அவை மீண்டும் முளைத்தன என்பது மகாபாரதத்தின் சாந்தி பருவத்துக் கதை. அயர்லாந்தின் தொன்மத்தில் போரில் கையிழந்த நுவாடா, ஊனமுற்றவன் அரசாளலாகாது என்ற மரபால் அரியணையையும் இழந்து, வெள்ளிக் கை பெறுகிறான். தமிழில் பொற்கைப் பாண்டியன் இருக்கிறான். கணவன் ஊரில் இல்லாத இல்லத்துக்குக் காவலாக நின்று, ஓரிரவு தவறாகக் கதவைத் தட்டிய தன் கையைத் தானே துணித்துப் பொற்கை பூண்ட அவனுடைய கதையைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கதைகள் பொன்னையும் வெள்ளியையும் தேர்ந்தெடுத்தது அவற்றின் அருமையால் மட்டும் அன்று. பொன் துருவேறாது, ஆகவே கதை முடிந்த பிறகு அந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. பாண்டியனின் கை மணிக்கட்டில் எதனால் நின்றது, அதன் வார் அறுந்தபோது எந்தக் கொல்லன் அழைக்கப்பட்டான் என்பன கேட்கப்படாத வினாக்கள். வரலாற்றுக் கைகளுக்கு மட்டும் கொல்லர்கள் இருந்திருக்கிறார்கள். 1504இல் லாண்ட்ஷூட் முற்றுகையில் கையிழந்த ஜெர்மானிய வீரர் கோட்ஸ் ஃபான் பெர்லிச்சிங்கனின் இரும்புக் கைக்குள் வில்சுருள்களும் பற்சக்கரங்களும் இருந்தன. அதே நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோவாஸ் பாரே விவரித்த கைகளைச் செய்து தந்தவர் பாரிஸ் நகரத்துப் பூட்டுத் தொழிலாளி ஒருவர்.

கதைகள் விட்டுச் சென்ற இடத்தைச் சட்டங்கள் பிடித்துக்கொண்டன. வினா அங்கே கூர்மையாகிறது. இரண்டாம் பியூனிக் போரில் வலக்கை இழந்து, இரும்புக் கையைக் கட்டிக்கொண்டு மீண்டும் போரிட்ட உரோமானியரான மார்க்கஸ் செர்ஜியஸ், பின்னர்ப் பிரீட்டர் என்னும் உயர்பதவி வகித்தபோது, அவர் ஊனமுற்றவராதலால் வேள்விச் சடங்குகளில் பங்குகொள்ளலாகாது என்று உடன் பதவி வகித்தோர் தடுக்க முயன்றதை உரோமானிய எழுத்தாளர் பிளினி பதிவு செய்கிறார். போர்க்களத்துக்குப் போதுமானதாக இருந்த கை, பலிபீடத்துக்குப் போதாமற் போயிற்று. கி.பி. 200ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னா, காலிழந்தவர் தம் மரக்காலோடு ஓய்வுநாளில் வெளியே செல்லலாமா என்று கேட்கிறது. ஓய்வுநாளில் சுமை தூக்குதல் விலக்கு. அணிந்து செல்லுதல் விலக்கு அன்று. மரக்கால் சுமையா, அணியா? ரபி மெயிர் செல்லலாம் என்றார், ரபி யோசே கூடாது என்றார். அதே இடத்தில் மிஷ்னா மற்றொன்றையும் சொல்கிறது: எஞ்சிய கால் உறுத்தாமலிருக்கத் துணித் திண்டு வைக்கும் குழி அந்த மரக்காலில் இருந்தால், அது தீட்டுப் படக்கூடிய பொருளாகும். இன்றைய சாக்கெட்டின் உள்ளுறையை ஒத்த ஒன்றைப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே சட்ட அறிஞர்கள் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இஸ்லாமிய மரபில் பழுது என்பதே தீர்ப்புக்குக் காரணமாக அமைந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. குலாப் என்ற இடத்துப் போரில் மூக்கை இழந்த நபித்தோழர் அர்ஃபஜா வெள்ளி மூக்கு அணிந்திருந்தார். அது நாற்றமெடுத்தபோது, ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும், பொன் மூக்கு அணிந்துகொள்ள நபிகள் நாயகம் அனுமதித்தார் என்று நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. இதை அடியாகக் கொண்டு, தமிழகத்துக் கடலோர முஸ்லிம்களிடையே பரவலாகப் பின்பற்றப்படும் ஷாஃபிஈ சட்ட மரபு ஒரு நுட்பமான கோடு வரைகிறது. பொன்னால் மூக்கும் பல்லும் விரல் நுனியும் செய்துகொள்ளலாம். முழு விரலும் கையும் செய்துகொள்ளக் கூடாது. விரல் நுனி வேலை செய்யும், பொன்னாலான முழுக்கையோ வேலை செய்யாமல் வெறும் அணிகலனாகவே தொங்கும் என்பது உரைகாரர்கள் தரும் காரணம். வேலை செய்வது உறுப்பு, செய்யாதது நகை என்ற இந்த அளவுகோல் வியப்பூட்டும் அளவுக்குப் புதுமையானது. மோட்டார் ஓடும் கையை அவர்கள் கண்டிருந்தால் வேறு தீர்ப்பு வழங்கியிருக்கக் கூடும். ஆனால் அந்த மோட்டார் நின்றுவிட்ட நாளில்? அதே அளவுகோலின்படி, நேற்றுவரை உறுப்பாக இருந்தது இன்று நகையாகிவிடும். ஒரு பற்சக்கரத்தின் தேய்மானம் ஒரு பொருளின் இயல்பையே மாற்றிவிடுமா என்ற வினா இங்கே எஞ்சுகிறது.

பௌத்தம் இவ்வினாவை அடியோடு வேறு திசைக்குத் திருப்புகிறது. நாகார்ச்சுனர் இயற்றியதாகக் கூறப்பட்டு, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குமாரசீவர் சீன மொழியில் ஆக்கிய மகாபிரஜ்ஞாபாரமிதை என்னும் நூல் பற்றிய பேருரையில் அச்சமூட்டும் கதை ஒன்று வருகிறது. ஆளில்லாத வீட்டில் இரவு தங்கிய வழிப்போக்கன் முன் ஒரு பேய் பிணத்தைச் சுமந்து வருகிறது. இரண்டாம் பேய் வந்து பிணம் தனதென்கிறது. வழக்கில் உண்மை சொன்ன வழிப்போக்கனின் கையை இரண்டாம் பேய் சினந்து பிடுங்க, முதற்பேய் பிணத்தின் கையை எடுத்து அவனுக்குப் பொருத்துகிறது. இப்படியே மற்றக் கை, கால்கள், தலை, உடல் யாவும் மாறிய பின், பேய்கள் இரண்டும் பிடுங்கிய உடலைத் தின்றுவிட்டுப் போகின்றன. தனக்கு உடல் உண்டா இல்லையா என்று கலங்கித் திரிந்தவனிடம் துறவிகள் சொல்லும் விடை, அவ்வுடல் அன்றும் அவனுடையதாக இருந்ததில்லை என்பது. இதன்படி, தற்கிழமை என்று ஒன்று கிடையாது. எல்லாக் கையும் பிறிதின்கிழமையே. தன் கையைக் கழற்றி மேசைமேல் வைக்கின்றவர், மற்றவர் தியானத்தால் அறிய வேண்டியதை அன்றாடம் கண்ணால் காண்கிறார் என்றுகூடச் சொல்லலாம். எனினும் இவ்விடை கையின்மீதுள்ள பற்றை அறுக்கிறதே அன்றிக் கேபிள் அறுந்தபோது செய்ய வேண்டியதைச் சொல்வதில்லை. கதையில் பொருத்தும் வேலையைச் செய்தது ஒரு பேய் என்பதையும், அது பின்னர் வந்து தையல் பிரிந்துள்ளதா என்று பார்த்ததாகச் செய்தி இல்லை என்பதையும் மறக்கலாகாது.

உடல் என்பது யாது என்ற வினாவை நேருக்கு நேர் எதிர்கொண்டவர்களுள் திருப்பெரும்புதூரில் தோன்றிய இராமானுசர் தனியிடம் பெறுகிறார். நியாய மரபு, செயலுக்கும் புலன்களுக்கும் நுகர்ச்சிக்கும் நிலைக்களனாக இருப்பது உடல் என்று வரையறுத்திருந்தது. பிரம்ம சூத்திரத்துக்குத் தாம் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் அவர் இத்தகைய வரையறைகளைத் தள்ளுகிறார். கல்லாகிப் போன அகலிகையின் உடலுக்கு இவை பொருந்தா என்பது அவர் காட்டும் குறைகளுள் ஒன்று. அவர் தரும் வரையறையின் சாரம் இது: அறிவுடைய ஓர் உயிர் எந்தப் பொருளைத் தன் பயனுக்காக முற்றிலும் இயக்கவும் தாங்கவும் வல்லதோ, எந்தப் பொருள் அவ்வுயிருக்கு உரியதாயிருப்பதையே தன் இயல்பாகக் கொண்டதோ, அப்பொருள் அவ்வுயிரின் உடல். உலகம் முழுவதும் இறைவனின் உடல் என்று நிறுவுவதற்காக வகுக்கப்பட்ட இவ்வரையறையில் சதை, எலும்பு, குருதி என்ற சொற்களுக்கு இடமில்லை. ஆகவே இரும்புக்கும் ரப்பருக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

இயக்கப்படுதல், தாங்கப்படுதல், உரியதாதல் என்ற மூன்றையும் செயற்கைக் கையோடு ஒட்டிப் பார்க்கலாம். தோளின் அசைவுக்கோ தசையின் சுருக்கத்துக்கோ கீழ்ப்படிவதால் அது இயக்கப்படுகிறது. உரியதாதலும் ஐயத்துக்கு இடமின்றிப் பொருந்துகிறது, ஏனெனில் ஒருவரின் எஞ்சிய கைப்பகுதிக்கென அச்செடுத்துச் செய்த கூடு பிறிதொருவருக்குப் பயன்படாது. வேல் எந்த வீரன் கையிலும் வேல்தான், இந்தக் கை ஒருவருக்கு மட்டுமே கை. சிக்கல் இரண்டாவதில் எழுகிறது. உயிர் நீங்கினால் உடல் அந்நொடியே அழியத் தொடங்குகிறது. உயிர் உடலைத் தாங்குகிறது என்பதற்கு அதுவே சான்று. செயற்கைக் கையோ கழற்றி வைத்த பின்னும் காலைவரை அப்படியே கிடக்கிறது. பிரிந்து நிற்க இயலாமையை இராமானுசரின் நெறியாகிய விசிட்டாத்வைதம் அப்ருதக்சித்தி என்று வழங்கும். கோலும் குழையும் போலத் தனித்து நிற்கவல்ல பொருள்களைக் கொண்டு ஒருவரைக் குறிக்க 'உடையவன்' என்ற ஒட்டு வேண்டும், உடலைக் கொண்டு குறிக்க அது வேண்டா என்பது இராமானுசர் பயன்படுத்தும் இலக்கணச் சோதனை. இச்சோதனையில் செயற்கைக் கை குழையோடுதான் சேரும் என்று வைணவ அறிஞர் ஒருவர் வாதிட்டால் அதை எளிதில் மறுக்க இயலாது. பொற்கைப் பாண்டியன் என்ற பெயரில்கூட 'உடைய' என்பது இல்லாமற் போகவில்லை, தொகைக்குள் மறைந்து நிற்கிறது.

ஆனால் அதே பகுதியில் இராமானுசர் எழுப்பி விடையிறுக்கும் ஒரு தடை இங்கே கைகொடுக்கிறது. நோயாலோ காயத்தாலோ செயலிழந்த உடலை உயிர் இயக்கக் காண்பதில்லையே, அது உடல் ஆகாதா என்பது தடை. அங்கே இயக்கும் ஆற்றல் இல்லாமற் போகவில்லை, தடைபட்டிருக்கிறது. தீயின் சுடும் ஆற்றல் ஏதோவொன்றால் தடுக்கப்பட்டபோதும் தீ தீயே என்பது விடை. ஷாஃபிஈ உரைகாரர்களின் அளவுகோல் விட்டுச் சென்ற வினாவுக்கு இதைவிடப் பொருத்தமான மறுமொழி கிடைப்பது அரிது. கேபிள் அறுந்த கை நகையாகிவிடவில்லை, அது நோயுற்ற கை. அதைச் செப்பனிடுதல் தடையை நீக்குதல், அதாவது மருத்துவம்.

இருபதாம் நூற்றாண்டு மெய்யியலாரான ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட நூலில், நன்றாக இயங்கும் சுத்தியல் கைவினைஞரின் கவனத்துக்கே வருவதில்லை, உடைந்தபோதுதான் அது ஒரு பொருளாகக் கண்முன் நிற்கிறது என்று காட்டினார். கருத்து உண்மையே; ஆனால் சுத்தியலுக்கு இணையாகச் செயற்கைக் கையை வைப்பது போதாது. உடைந்த சுத்தியலை ஒதுக்கிவிட்டு மற்றொன்றை எடுக்கும் கை அங்கே இருக்கிறது. இங்கே ஒதுக்க வேண்டியதே கை. அது நிற்கும்போது கண்முன் வருவது கருவி மட்டுமன்று, பல ஆண்டுகளுக்கு முன் போன கையும்தான்.

எனவே தாங்குதல் என்ற இடத்தில் விடுபட்ட இடைவெளியை யார் நிரப்புகிறார்கள் என்பதே கேள்வி. செயற்கைக் கையை அணிந்தவரின் உயிர் இயக்குகிறது. தாங்குவது அவ்வுயிர் மட்டுமன்று. கூட்டைச் சூடாக்கி விரித்துத் தரும் வல்லுநர், வார் தைக்கும் தொழிலாளி, உதிரிபாகம் அனுப்பும் பணிமனை, இரு கையும் இழந்தவராயின் ரப்பர் வளையத்தை மாட்டிவிடும் மனைவியோ மகனோ, இவர்கள் யாவரும் அந்தத் தாங்குதலில் பங்காளிகள். இவர்கள் தாங்கும்வரை அது தற்கிழமைக்கு மிக நெருங்கி நிற்கிறது. கைவிட்டால் பிறிதின்கிழமையாக, மூலையில் கிடக்கும் பொருளாக விலகிப் போகிறது. இலக்கணம் இரு நிலையான வகைகளாகக் கண்டதைப் பழுதுபார்ப்பு ஒரு வழுக்குப் பாதையாகக் காட்டுகிறது என்பதே பொருந்தும்.

உயிரற்றதை உடலாகவே பேணும் முறை சமய வழக்கில் இல்லாததன்று. பூரியில் சகந்நாதரின் திருமேனி மரத்தாலானது; கைகள் முழுமை பெறாமல் முண்டாகவே நீள்கின்றன. ஆனித் திங்களை ஒட்டிய நீராட்டு விழாவில் நீர் பட்டு வண்ணம் கலைந்த பின், ஏறத்தாழ பதினைந்து நாள் திருமேனி காட்சிக்கு வைக்கப்படுவதில்லை. நடைபெறுவது வண்ணம் பூசிச் செப்பனிடும் வேலை. ஆனால் அங்கே வழங்கும் சொற்களில் அது காய்ச்சல், மூலிகை மருந்து, பத்தியம், தேறுதல். மராமத்து என்ற சொல்லுக்கு அந்த அறையில் இடமில்லை. பின்னர்த் தேர்த் திருவிழாவின் முடிவில் பொன்னணிக் கோலம் நிகழும்போது, அந்த முண்டுக் கைகளில் பொற்கைகள் பொருத்தப்படுகின்றன. பொருத்திய பொற்கை ஓரிரவில் கழற்றப்படுகிறது, பேணப்படுவது மரக்கை. பொன்னைவிட மரத்துக்கே பணிவிடை தேவைப்படுகிறது என்பதைப் பூரி அறிந்திருக்கிறது.

தமிழகக் கோயில்களின் ஆகம வழக்கும் இதற்கு இணையானதே. பழுதுற்ற கோயிலையும் திருமேனியையும் புதுப்பிக்கும் பணி சீர்ணோத்தாரணம் எனப்படும். பணி தொடங்குமுன் மூலத் திருமேனியின் ஆற்றலைக் கும்பத்திலோ மரத்திலோ படத்திலோ ஏற்றி, பாலாலயம் என்னும் சிறு கோயிலில் வைத்து வழிபடுவர்; வேலை எத்தனை ஆண்டு நீண்டாலும் வழிபாடு ஒரு நாளும் நின்றுவிடலாகாது என்பது இதன் நோக்கம். பணிமனைக்குப் போன கைக்கு மாற்றாக ஒரு கை தரப்பட வேண்டும் என்ற எண்ணம் இதைவிட வேறன்று. ஆனால் கல்லுக்குக் கிடைத்த பாலாலயம், கையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் மனிதருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கை கால் குறைந்தவர் பூசை செய்யலாகாது என்று விதித்த அதே சாத்திர மரபுகள், பின்னமுற்ற திருமேனிக்கு இத்துணைப் பரிவு காட்டியிருப்பது முரணாகத்தான் படுகிறது. ஆயினும் பரிவின் முறையை அங்கிருந்து எடுத்துக்கொள்வதற்கு அந்த முரண் தடையாக வேண்டியதில்லை.

இந்தியாவில் செயற்கை உறுப்புகள் பலருக்குத் தானமாகவே வந்து சேர்கின்றன. மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் 1972இல் கான்பூரில் அமைக்கப்பட்டது. துணைக்கருவிகள் வழங்கும் அடிப் திட்டம் 1981இல் தொடங்கியது. அறக்கட்டளைகளும் சங்கங்களும் நடத்தும் முகாம்கள் வேறு. தானம் என்பது பொருளைக் கொடுத்தவுடன் முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் இம்முகாம்களைச் சூழ்ந்திருக்கிறது. மாலை, நிழற்படம், பயனாளிகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்குப் பின் முகாம் கலைந்துவிடும். மூன்றாம் மாதம் கேபிள் அறுந்தவர் எங்கே செல்வது என்பது அழைப்பிதழில் அச்சிடப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட செயற்கை உறுப்புப் பணிகளுக்கான தரநெறிகள், பின்தொடர் கவனிப்பையும் பழுதுபார்ப்பையும் பணியின் பகுதியாகவே கொள்கின்றன. இந்நெறி தமிழருக்குப் புதியதன்று. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டின் சபை ஏரியைப் பேணவென்றே ஏரி வாரியத்தை வைத்திருந்தது. கோயிலுக்கு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, வைத்தவர்கள் விளக்குத்தண்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நாள்தோறும் உழக்கு நெய் அளப்பதற்கு ஆடுகளையும் விட்டனர். அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று சோழர் கல்வெட்டுகள் குறிக்கின்றன. ஆடுகள் சாகும், மூப்படையும்; அவற்றை ஏற்ற இடையர் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காத்தால் அவை சாவாதவை, மூவாதவை. விளக்கைத் தாங்கியது தண்டு அன்று, அந்த எண்ணிக்கைதான்.

கை வழங்குவோர் தங்கள் கொடையை இக்கல்வெட்டுகளின் முறையில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் எழுதப்பட்டவை 96 ஆடுகள். ஒரு கொக்கிக் கைக்கு எழுத வேண்டியவை ஒரு பிடி ரப்பர் வளையங்கள், ஓரிரு கேபிள்கள், மாற்று வார்ப்பட்டை ஒன்று, அவற்றை மாட்டத் தெரிந்த ஒருவரின் முகவரி.